கனுலாவை எப்போது கழற்றுவது? கொக்ரேன் தமிழ்ச் சுருக்கங்கள் விடுதி வேலைக்கு எவ்வளவு உதவும்

கனுலா, அதாவது மருந்தும் சேலைனும் ஏற்ற நாளத்துக்குள் விடும் மெல்லிய குழாய், போட்டு மூன்று நாள் முடிந்துவிட்டது. கையில் வீக்கமில்லை, நோவில்லை, சேலைன் தடையில்லாமல் இறங்குகிறது. கழற்றிவிட்டு மற்றக் கையில் புதிதாகப் போடுவதா, அப்படியே விடுவதா? "மூண்டு நாளுக்கு ஒருக்கா மாத்த வேணும்" என்று படித்துவந்த தாதி ஒரு பக்கம். "இன்னொருக்கா குத்தப் போறியளோ மிஸ்?" என்று கையை இழுத்துக்கொள்ளும் அம்மா மறுபக்கம். இப்படியான கேள்விக்கு ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று தமிழில், காசில்லாமல், கைத்தொலைபேசியிலேயே பார்க்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் முதலில் போகத்தக்கது கொக்ரேன் அமைப்பின் இணையத்தளத்திலுள்ள தமிழ்ச் சுருக்கங்கள்தான். யாழ்ப்பாணத்து வைத்தியசாலை விடுதிகளில் (வார்ட்டுகளில்) வேலை செய்யும் தாதியருக்கு அது எவ்வளவு தூரம் பயன்படும், எங்கே காலை வாரும் என்பதே இந்த மதிப்பீடு.

கொக்ரேன் 1993இல் தொடங்கப்பட்ட அமைப்பு. ஆர்ச்சி கொக்ரேன் என்ற பிரித்தானிய மருத்துவரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. ஒரு கேள்விக்கு உலகெங்கும் நடந்த பரிசோதனைகளையெல்லாம் தேடியெடுத்து, நல்லது கெட்டது பிரித்து, கூட்டிக் கணக்குப் போட்டு ஒரு மீளாய்வாக வெளியிடுவது அதன் வேலை. முழு மீளாய்வு நூறு பக்கத்தையும் தாண்டக்கூடும்; எட்டு மணித்தியாலக் கடமை முடித்து வந்தவர் அதை வாசிக்கப் போவதில்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் எளிய மொழியில் ஒரு சுருக்கம் எழுதுகிறார்கள். அதைத் தன்னார்வலர்கள் பல மொழிகளுக்கு மாற்றுகிறார்கள், தமிழுக்கும். சுருக்கங்களுக்குக் கட்டணமும் இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை.

தேடுவதில் முதல் சிக்கல். நாம் வாயால் சொல்கிற சொல் அங்கே இருக்காது. "கனுலா" என்று தேடுவதை விட, ஆங்கிலப் பெயரால் தேடி மீளாய்வைப் பிடித்து, அதற்குப் பிறகு மொழியைத் தமிழுக்கு மாற்றுவதே வேகமான வழி. மொழிபெயர்ப்புப் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தமிழ் என்பதையும் மனதில் வைத்திருக்க வேண்டும். தாதியர் அங்கே செவிலியர், வைத்தியசாலை மருத்துவமனை. இவை தொல்லை தராது. தொல்லை தருவது "நாளம்" போன்ற சொற்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் நாடி என்றால் இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய், நாளம் என்றால் இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். அங்கே முன்னது தமனி, பின்னது சிரை. "இரத்த நாளம்" என்றால் பொதுவாக எந்த இரத்தக்குழாயும். நாடி பிடித்துப் பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் "நாடி" அங்கே அவ்வளவாக வராது. முதலாம் வருட மாணவி ஒருத்தி இதில் தடுமாறினால் அவளில் பிழையில்லை. மானிப்பாயில் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து, புத்தகம் புத்தகமாக மொழிபெயர்த்து வைத்துவிட்டுப் போன மண் இது. இரண்டு கரைக்கும் பொதுவான ஒரு மருத்துவச் சொற்பட்டியல் இன்னும் கையில் இல்லை என்பது கொக்ரேனின் குறை அல்ல, எங்களுடையது.

இரண்டாவது சிக்கல் திகதி. மீளாய்வுகள் புதுப்பிக்கப்படும், மொழிபெயர்ப்பு பின்தங்கும். கனுலா மீளாய்வையே எடுங்கள். 2013இல் வந்த பதிப்பில் 7 பரிசோதனைகள், 4,895 நோயாளர். 2019இல் வந்ததில் 9 பரிசோதனைகள், 7,412 நோயாளர். தமிழ்ப் பக்கத்தில் ஏழு என்று இருந்தால் நீங்கள் வாசிப்பது பழையது. எந்தச் சுருக்கத்தைத் திறந்தாலும் முதலில் பரிசோதனை எண்ணிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலை. இரண்டும் ஒன்றென்றால் தொடர்ந்து வாசிக்கலாம்.

இனி உள்ளடக்கம். கனுலாவைக் குறித்த நாளில் மாற்றுவதா, தேவை வந்தால் மட்டும் மாற்றுவதா என்ற கேள்விக்கு 2019 பதிப்பின் விடையை மேலோட்டமாகப் பார்த்தால், நாள அழற்சியில் (நாளம் சிவந்து வீங்கி நோவதில்) பெரிய வேறுபாடு இல்லை, தேவை வந்தால் மாற்றினால் செலவு குறைவு. அவுஸ்திரேலியாவில் 3,283 நோயாளரை வைத்துச் செய்து 2012இல் வெளியான பெரிய பரிசோதனையிலும் இரண்டு பக்கமும் 7 சதவீதம் என்றே நாள அழற்சி வந்தது. இதை வாசித்துவிட்டு "இனி மாத்தத் தேவையில்லை" என்று விடுதியில் அறிவிப்பவர்கள்தான் சறுக்குகிறார்கள்.

ஏனென்று பார்க்க, அதே மீளாய்வின் மற்ற வரிகளுக்கு வர வேண்டும். தேவை வந்தால் மட்டும் மாற்றிய பக்கத்தில் திரவம் நாளத்துக்கு வெளியே கசிவது ஒப்பீட்டளவில் 16 சதவீதம் கூடுதல், அடைப்பு 14 சதவீதம் கூடுதல். இவை பெரும்பாலும் வலியோடும் வீக்கத்தோடும் நின்றுவிடும். எல்லோரும் பயப்படுவது இரத்தத்தில் கிருமி ஏறுவதற்கு. அதற்கு மீளாய்வு தருகிற ஒப்பீட்டு ஆபத்து 0.61 (1 என்றால் இரண்டு பக்கமும் சமம், 1க்குக் கீழே என்றால் தேவை வந்தால் மட்டும் மாற்றிய பக்கத்தில் ஆபத்துக் குறைவு). பார்த்தால் மாற்றாமல் விடுவதே நல்லது போலத் தெரியும். ஆனால் அதன் நம்பக இடைவெளி 0.08 முதல் 4.68 வரை. அதாவது உண்மை நிலை பன்னிரண்டு மடங்கு குறைவாகவும் இருக்கலாம், நாலரை மடங்குக்கு மேல் கூடுதலாகவும் இருக்கலாம். ஏழாயிரம் பேரில் இந்தத் தொற்று ஒரு சிலருக்குத்தான் வந்தது. அவ்வளவு சிறிய எண்ணை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. சான்றின் உறுதி தாழ்ந்தது என்று மீளாய்வே சொல்கிறது.

தமிழ்ச் சுருக்கத்தில் இந்த இடம்தான் வழுக்கும். "வேறுபாடு இல்லை" என்பதும் "வேறுபாடு இருக்கிறதா என்று தெரியவில்லை" என்பதும் ஒரு சொல் தள்ளி நிற்கின்றன. மொழிபெயர்ப்பில் ஒன்று மற்றதாகிவிடுவது சுலபம். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வரியை வாசித்தவுடன் கீழே இறங்கி, சான்றின் உறுதி உயர்ந்தது, நடுத்தரம், தாழ்ந்தது, மிகத் தாழ்ந்தது என்ற நான்கில் எது என்று பார்ப்பது. பிறகு ஆங்கிலச் சாரத்தை (abstract) திறந்து இடைவெளியின் இரண்டு எண்ணையும் பார்ப்பது. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் 1 அகப்பட்டு, இரண்டும் ஒன்றிலிருந்து வெகுதூரம் நின்றால், அங்கே "தெரியவில்லை" என்றே வாசிக்க வேண்டும். இந்த இடைவெளி எண்களைத் தமிழ்ச் சுருக்கத்தில் தேடி அலைய வேண்டாம். எளிய மொழி என்ற பெயரில் அவற்றைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இது.

தெரியாத இடத்தில் என்ன நடக்கலாம் என்பதற்கு ஜெனிவா உதாரணம். அங்குள்ள பல்கலைக்கழக வைத்தியசாலைகள் 96 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கனுலா மாற்றும் வழக்கத்தை 2018இல் நிறுத்தி, தேவை வந்தால் மட்டும் மாற்றத் தொடங்கின. 2021இல் வெளியான கணக்கு இது: பழைய வழக்கத்தில் 2 லட்சத்து 41 ஆயிரம் கனுலாக்களுக்கு 11 இரத்தத் தொற்று, புதிய வழக்கத்தில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கு 46. பத்தாயிரத்துக்கு அரையிலும் குறைவாக இருந்தது மூன்றரையாகிவிட்டது. பழைய வழக்கத்துக்குத் திரும்பினார்கள்; 40 ஆயிரம் கனுலாக்களுக்கு 4 என்று இறங்கியது. இது முன்பின் ஒப்பீடு, சீட்டுக் குலுக்கிப் பிரித்த பரிசோதனை அல்ல. அந்தக் குறை அதற்கு உண்டு. ஆனாலும் நாலு லட்சம் கனுலா சொல்வதைக் கேட்காமல் விட முடியாது. பரிசோதனையில் இருக்கும் நோயாளியின் கையை ஆராய்ச்சித் தாதி ஒருவர் தவறாமல் வந்து பார்ப்பார். சாதாரண விடுதியில் அந்தக் கண் இல்லை. "தேவை வந்தால் மாற்று" என்ற கட்டளையில் தேவையைக் கண்டுபிடிப்பவர் காணாமல் போனால் மிஞ்சுவது "மாற்றாதே" மட்டும்தான்.

ஆகவே கேள்வி "மாற்றுவதா விடுவதா" அல்ல, "எங்கள் விடுதியில் யார், எத்தனை தரம், எப்படிப் பார்க்கிறார்கள்" என்பதே. சுருக்கம் இதைச் சொல்லித் தராது.

பார்ப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ஒவ்வொரு கடமை மாற்றத்திலும் ஒருதரம், மருந்து ஏற்றும் ஒவ்வொரு தடவையும் ஒருதரம். நாள அழற்சியைக் கண்ணால் பார்த்து அளக்கும் விஐபி புள்ளி (VIP) என்ற அளவுகோல் 0 முதல் 5 வரை. இலேசான நோவோ இலேசான சிவப்போ ஒன்று மட்டும் இருந்தால் 1, கவனித்துக்கொண்டிருக்கலாம். நோவு, சிவப்பு, வீக்கம் என்ற மூன்றில் இரண்டு வந்தால் 2. அந்த நிமிடமே கழற்ற வேண்டும், மற்ற நாள் வரை பொறுக்கக்கூடாது. நாளத்தின் வழியே நோவும் தடிப்பும் 3, கயிறு போல நாளம் கையில் தட்டுப்பட்டால் 4, காய்ச்சலும் சேர்ந்தால் 5. இந்த அளவுகோல் வெள்ளைத்தோல் நாட்டில் பிறந்தது. எங்கள் ஆட்களின் தோலில் சிவப்பு பிந்தித்தான் தெரியும், சிலரில் தெரியவே தெரியாது. ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் விரல் நுனியால் கட்டின் மேலாக மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும்: சூடு இருக்கிறதா, இறுக்கம் இருக்கிறதா, அழுத்தினால் முகம் சுளிக்கிறாரா. மற்றக் கையின் அதே இடத்தையும் தொட்டு ஒப்பிட்டால் ஐயம் தீரும். பேச முடியாத பக்கவாத நோயாளிக்கும் மயக்கத்தில் உள்ளவருக்கும் இந்தத் தொட்டுப்பார்ப்பைத் தவிர வேறு வழியில்லை.

தொட்டுப் பார்க்க, பார்க்கும் இடம் வெளியே தெரிய வேண்டுமே. வெள்ளைப் பிளாஸ்டரால் நாலு சுற்றுச் சுற்றி வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடி போன்ற ஒட்டுக்கட்டு இருந்தால் அதையே போடுங்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் வியர்வைக்கு அது ஓரம் கழரும். அதற்கு மேல் பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிக்காமல் கட்டையே மாற்ற வேண்டும். ஒட்டுமுன் தோல் காய்ந்திருப்பது முக்கியம். 70 சதவீத அற்ககோலில் 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கலந்த திரவத்தால் 30 செக்கன் தேய்த்து, இன்னொரு 30 செக்கன் தானாகக் காயவிட வேண்டும். ஊதிக் காயவைப்பதும் பஞ்சால் துடைப்பதும் செய்த வேலையைக் கெடுக்கும். கண்ணாடிக்கட்டு கையிருப்பில் இல்லையென்றால் குத்திய இடத்தின் மேல் சிறிய கோஸ் வைத்து இரண்டு கீற்றுப் பிளாஸ்டர் மட்டும். அந்தக் கோஸ் நாளாந்தம் பிரித்துப் பார்க்கப்பட வேண்டும். போட்ட திகதி, நேரம் இரண்டும் கட்டின் மேலும் பிஎச்ரியிலும் (நோயாளியின் கட்டில் பதிவேட்டிலும்) எழுத வேண்டும். கட்டின் மேல் மட்டும் எழுதினால் கட்டு மாறும்போது திகதியும் குப்பைக்குள் போகும்.

மருந்து ஏற்றி முடிந்ததும் 10 மில்லிலீற்றர் சிரிஞ்சில் எடுத்த சாதாரண சேலைனை ஒரேயடியாகத் தள்ளாமல் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, மறுபடி தள்ளி நிறுத்தி ஏற்றுங்கள். 2 மில்லிலீற்றர் சிரிஞ்சை எடுத்து அடைப்பை அழுத்தித் திறக்கப் பார்ப்பது தவறு. சிரிஞ்சு சிறிதானால் அமுக்கம் கூடும், நாளம் வெடிக்கலாம் அல்லது இரத்தக்கட்டி உள்ளே போகலாம்.

இதையெல்லாம் விட எளிய, எந்த மீளாய்வோடும் சண்டை பிடிக்காத ஒன்று இருக்கிறது: தேவையில்லாத கனுலாவைக் கழற்றுவது. 24 மணித்தியாலமாக எதுவும் ஏற்றவில்லை, வாயால் மருந்து தொடங்கியாயிற்று என்றால் அது ஏன் கையில் இருக்கிறது? "இருந்திட்டுப் போகட்டும், தேவைப்பட்டால் உதவும்" என்ற பதில் பல விடுதிகளில் கேட்கும். கழற்றிவிட்ட கனுலா வழியே புதிதாகக் கிருமி ஏறாது.

வழக்கத்தை மாற்ற நினைக்கும் விடுதிக்கு ஒரு நடைமுறை: கிழமையில் ஒரு நாள், ஒரே நேரம், உதாரணமாகப் புதன் காலை பத்து மணிக்கு, விடுதியில் உள்ள எல்லாக் கனுலாவையும் ஒரே சுற்றில் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு கேள்வி. திகதி தெரிகிறதா, குத்திய இடம் தெரிகிறதா, விஐபி புள்ளி என்ன, இன்னும் தேவையா. ஆம், இல்லை என்று கோடு கிழித்தால் போதும். முப்பது கனுலாவுக்கு அரை மணித்தியாலம் போதும். நாலு கிழமை இப்படிக் கணக்கெடுத்து, நாலாவது கிழமையிலும் மூன்றில் ஒன்றுக்குத் திகதி இல்லையென்றால், அந்த விடுதி "தேவை வந்தால் மாற்று" வழக்கத்துக்கு இன்னும் ஆயத்தமில்லை. அதுவரை பழைய 72 முதல் 96 மணித்தியாலக் கணக்கே பாதுகாப்பு. கணக்கு நன்றாக வந்தால் அந்தத் தாளோடு விடுதிப் பொறுப்புச் சிஸ்டரிடமும், தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியிடமும், அவர்கள் மூலம் கன்சல்டனிடமும் போகலாம். வெறும் கொக்ரேன் பக்கத்தோடு போனால் "அது வெளிநாட்டுக் கதை" என்று முடிந்துவிடும். சொந்த விடுதியின் எண்ணோடு போனால் அப்படித் தட்டிவிட முடியாது.

கனுலாவுக்கு அடுத்து விடுதியில் அதிகம் அடிபடுவது புண் கழுவும் தண்ணீர். காயத்தைச் சேலைனால் கழுவுவதற்குப் பதில் குழாய்த் தண்ணீரால் கழுவலாமா என்ற மீளாய்வு பல தடவை புதுப்பிக்கப்பட்டது. குடிக்கத்தக்க குழாய்த் தண்ணீரால் தொற்றுக் கூடுகிறது என்பதற்குச் சான்றில்லை, ஆனால் சான்று அவ்வளவு உறுதியானதல்ல என்பதே அதன் சாரம். சுருக்கத்தில் "குழாய்த் தண்ணீர்" என்று வாசித்தவுடன் நாம் நிறுத்தி யோசிக்க வேண்டியது "குடிக்கத்தக்க" என்ற சொல்லை. அந்தப் பரிசோதனைகளின் குழாயில் வருவது சுத்திகரித்த தண்ணீர். யாழ்ப்பாணத்தில் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் கூரைத் தாங்கிக்கு ஏற்றிய வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் மலக்குழிக் கசிவும் கிணறும் ஒன்றையொன்று தேடிக்கொள்கிற நிலம் இது. அதே மீளாய்வு அதற்கும் வழி சொல்லியிருக்கிறது: குடிக்கத்தக்க தண்ணீர் இல்லாத இடத்தில் கொதித்து ஆறிய தண்ணீர். நீரிழிவுக் கால்புண்ணோடு வீட்டுக்குப் போகிறவருக்குச் சொல்லும்போது, கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கிய பின் இன்னும் ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும், மூடியோடு ஆற வேண்டும், அன்றைக்கே பாவிக்க வேண்டும் என்று மூன்றையும் சொல்லுங்கள். ஆறவைக்க மூடியைத் திறந்து விசிறியின் கீழ் வைப்பார்கள். கை விட்டுச் சூடு பார்ப்பார்கள். இரண்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கொதிக்கவைத்தால் நைதரேற்று போகாது, உவர் போகாது. புண்ணுக்கு அது பிரச்சினையும் இல்லை. எலும்பு தெரிகிற புண், நாற்றம் எடுத்த புண் எல்லாம் வீட்டுத் தண்ணீர்க் கணக்கில் வராது, கிளினிக்குக்கு வர வேண்டியவை.

சத்திரசிகிச்சைக்கு முன் முடி வழிப்பது பற்றிய மீளாய்வில் இந்தளவு குழப்பம் இல்லை. சவர அலகால் வழித்தால் காயத்தில் தொற்றுக் கூடும், கிளிப்பர் அல்லது முடியை அப்படியே விடுவது நல்லது. உலக சுகாதார நிறுவனமும் 2016இல் வழிக்க வேண்டாம் என்று உறுதியாகவே சொல்லிவிட்டது. கிளிப்பர் இல்லையே என்பார்கள். இல்லையென்றால் முடியை விட்டுவிடுங்கள். அதற்குக் காசும் தேவையில்லை. முதல் நாள் இரவே அலகால் வழித்து வைப்பதை விடக் கெட்ட வழக்கம் இதில் இல்லை, தோலின் சிறு கீறல்களில் கிருமி பெருக ஓர் இரவு முழுவதும் கிடைக்கிறது.

ஒப்பிட வேறு எது இருக்கிறது என்றால், அவுஸ்திரேலியாவின் ஜேபிஐ (முன்பு ஜொஆனா பிரிக்ஸ் நிறுவனம்) தாதியருக்கும் மற்றச் சுகாதாரப் பணியாளருக்கும் "இதைச் செய், இப்படிச் செய்" என்று படிபடியாக எழுதித் தருகிறது. விடுதி வேலைக்கு அது நெருக்கம். ஆனால் சந்தா கட்ட வேண்டும், தமிழும் இல்லை. கொக்ரேன் காசில்லாமலும் தருகிறது, தமிழிலும் தருகிறது; செய்முறையைத் தருவதில்லை. எல்லாத் தலைப்புக்கும் தமிழ் இருக்காது என்பதும் தெரிந்ததே.

பட்டப்படிப்பு மாணவிக்கு, கேள்வியை ஒழுங்காகக் கேட்கப் பழக, இந்தச் சுருக்கங்களைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். விடுதித் தாதிக்கு ஆங்கிலச் சாரத்தோடு சேர்த்து மட்டும். நோயாளிக்கோ துணைக்கு நிற்பவருக்கோ அச்சடித்துக் கொடுக்க வேண்டாம். "சான்றின் உறுதி நடுத்தரம்" என்ற வரியைக் கட்டிலடியில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அவர்களுக்கு வேண்டியது கனுலாவுக்கு நேரே சுவரில் ஒட்டக்கூடிய இரண்டு மூன்று வரி, பேசுகிற தமிழில், பெரிய எழுத்தில்:

ஊசி போட்ட இடம் நொந்தாலோ, சுட்டாலோ, வீங்கினாலோ, ஈரமானாலோ உடனே மிஸ்ஸிட்டச் சொல்லுங்கோ. இரவெண்டாலும் எழுப்பிச் சொல்லலாம். கட்டுக் கழண்டா நீங்கள் ஒட்ட வேண்டாம்.